கண்ணை மூடிக்கொண்டு பத்தவைத்த காலம்

வேடிக்கை பார்த்தே கற்றுக்கொள்ளக்கூடிய தொழில்கள் எத்தனையோ உண்டு. வெல்டிங்கை மட்டும் வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொண்டால், மறுநாள் காலையில் வேடிக்கை பார்க்கக் கண் இருக்காது.

நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். உப்பளத்தில் கொஞ்ச காலம், செங்கல் சூளையில் கொஞ்ச காலம், சைக்கிள் கடையில் கொஞ்ச காலம் என்று எங்கேயும் கால் தரிக்காமல் அலைந்துவிட்டு, திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகும் சாலையில் மரியதாஸ் என்பவன் போட்டிருந்த டிங்கரிங் ஷெட்டின் வாசலில் வந்து நின்றேன். உள்ளே நீலமாக ஒரு வெளிச்சம் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. அழகாக இருந்தது. அழகாக இருப்பதை உற்றுப் பார்க்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

டிங்கர் என்றால், நசுங்கிய வண்டித் தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, துருப்பிடித்து ஓட்டையான இடத்தை வெட்டி எறிந்து, புதுத் தகடு வைத்துப் பத்தவைக்கிறவன், அதாவது வெல்டிங் அடிக்கிறவன். மாமல்லபுரம் பக்கம் ஓடுகிற வேன்களை உப்புக்காற்று அரித்துக்கொண்டே இருக்கும். பகலெல்லாம் அவை ஓடியாக வேண்டும். அதனால் பொழுது சாய்ந்த பிறகு எங்களிடம் வந்து, விடிவதற்குள் திரும்பிப் போகும். என் மனைவி கலாவுக்கு மறைமலைநகரில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. நான் வேலை முடிந்து வரும்போது அவள் கிளம்புவாள். கம்பெனி பஸ் வருகிற வரைக்கும் ஸ்டாப்பில் ஒன்றாக நிற்போம். எங்கள் குடும்ப வாழ்க்கையில் பெரும்பகுதி அங்கேதான் நடந்தது. பகல் வெளிச்சத்தில் நான் அவள் முகத்தைப் பார்ப்பதும் அங்கேதான்.

கையிலோ கழுத்திலோ பொறி பட்ட தழும்பு உள்ளவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று படிக்கவும்.

கண்ணுக்குள் மணல்

வெல்டிங் வெளிச்சம் கண்ணை உடனே எரிக்காது. அதுதான் அதன் துரோகம். நான் முதல் தடவை வெல்டிங் ராடு பிடித்தபோது கண்ணாடி கிண்ணாடி எதுவும் போடவில்லை. வேலை முடியும்வரை ஒன்றும் ஆகவில்லை. ‘எனக்குக் கண் கெட்டி’ என்று மரியதாஸிடம் பெருமையடித்துவிட்டு அன்று முன்னிரவிலேயே வந்து படுத்தேன். விடியற்காலையில் எழுந்தபோது இரண்டு கண்ணிலும் யாரோ ஒரு கை மணலை அள்ளிப் போட்டு இமையைத் தைத்துவிட்ட மாதிரி இருந்தது. திறந்தால் எரிகிறது, மூடினால் உறுத்துகிறது. தண்ணீர் மட்டும் தாரை தாரையாகக் கொட்டுகிறது.

எங்கள் தொழிலில் இதற்கு வைத்தியங்கள் ஏராளம். உருளைக்கிழங்கு வில்லை, வெள்ளரிக்காய் வில்லை, விளக்கெண்ணெய். நான் மூன்றையும் வைத்துப் பார்த்தேன். சாம்பார் மணம் வந்ததே தவிர வலி போகவில்லை. சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு, இருட்டறையில் படுத்து, நேரே டாக்டரிடம் போவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு, கலாவின் கையைப் பிடித்துக்கொண்டு தட்டுத் தடுமாறி ஸ்டாப்புக்குப் போய், கன்னமெல்லாம் கண்ணீர் வழிய நின்றேன். ஸ்டாப்பில் இருந்த பெண்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்களாம். பஸ்ஸில் ஏறும்போது கலா சொன்னாள்:

“இப்பிடி அழுதுகினே வழியனுப்பறதுக்கு நான் இன்னா துபாய்க்கா போறேன்? மறைமலைநகருக்குத்தான்யா போறேன்.”

‘மூடு!’

எங்கள் ஷெட்டில் ஷீல்டு இல்லாமல் இல்லை. கறுப்புக் கண்ணாடி வைத்து, கையில் பிடிக்கிற மாதிரி ஒன்று இருந்தது. ஆனால் ஒரு கையில் ராடு. இன்னொரு கையால் தகட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஷீல்டைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். அது எங்கள் இரண்டு பேருக்கும் இல்லாததால், ஷீல்டு டீ கிளாஸ்களுக்கு ஈ மொய்க்காமல் மூடியாக இருந்தது.

அதனால் நாங்களே ஒரு முறை கண்டுபிடித்தோம். ராடு வைக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொள்வது, ‘மூடு!’ என்று கத்துவது, கத்தியவன் உட்பட எல்லோரும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வது, ஒரு பொட்டு அளவுக்குப் பத்தவைப்பது. திறந்து பார்ப்பது. மறுபடி ‘மூடு!’ வண்டிக்காரர்கள், டீ கொண்டு வருகிறவர் எல்லோருக்கும் இது பழகிவிட்டது. எண்ணெயில் வடை வேகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வந்தால் பத்துகிறது என்று அர்த்தம். அந்தச் சத்தத்தை வைத்தே நான் வெல்டிங் கோடு இழுப்பேன். இமைக்குப் பின்னால் சிவப்பாக வெளிச்சம் தெரியும். மூடிய இமை ஒரு தோல்தான், இரும்புக் கதவு இல்லை என்று அப்போது தோன்றவே இல்லை.

இதில் ஒரு பேஜாரு. பளிச்சென்று எது அடித்தாலும் என் கண் தானாக மூடிக்கொண்டு, முகமும் திரும்பிவிடும். என் மச்சானுக்கு திருப்போரூர் கோயிலில் கல்யாணம். குடும்பத்தோடு நின்று போட்டோ எடுத்தபோது எல்லாப் படத்திலும் நான் கண்ணை மூடி வேறு பக்கம் திரும்பியிருந்தேன். மணமக்கள் மேல் எனக்கு ஏதோ கோபம் என்று சம்பந்தி வீட்டில் பேச்சு வந்துவிட்டது. போட்டோக்காரர் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு சொன்னார்:

“அண்ணாத்த, உங்க ஒருத்தர எடுக்கறதுக்கே ஒரு ரோலு பூடும் போலக்கீது. நீங்க போய் நாஸ்தா துன்னுங்க.”

தீபாவளிச் சட்டை

வெல்டிங் வேலைக்குப் பருத்தித் துணிதான் ஆகும். பாலியஸ்டர் எரிவதற்கு முன் உருகும். உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மேல்பையில் தீப்பெட்டி கூடாது. கால்சட்டை நுனியை மடித்துவிடக் கூடாது, பொறி வந்து அதில்தான் குடியேறும். இவ்வளவும் தெரிந்த எவனாவது தீபாவளிக்கு வாங்கிய பளபளா சட்டையோடு வண்டிக்கடியில் படுப்பானா? நான் படுத்தேன். ‘ஒரே ஒரு பொட்டுதான், மாற்றுச் சட்டை எதற்கு?’

அன்றைக்கு வந்த கார், கல்பாக்கம் பக்கம் அணு ஆராய்ச்சி வேலையில் இருந்த ஒரு சாருடையது. மதுரைப் பக்கத்து ஆள். கதவுக்குக் கீழே நசுங்கியிருந்தது. சாயங்காலம் ஆபீஸ் விட்டு அப்படியே வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் ‘மூடு!’ என்று கத்தினேன். அவர் மரியாதையாகப் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஒரு பொறி என் பையில் விழுந்தது. பையில் தீப்பெட்டி. நான் வண்டிக்கடியிலிருந்து உருண்டு வெளியே வந்து, மணலில் புரண்டு, வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். நெஞ்சில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு தழும்பு இன்றைக்கும் இருக்கிறது.

அவரே தன் காரிலிருந்த பாட்டில் தண்ணீரைப் புண்மேல் ஊற்றிக்கொண்டே இருந்தார். வலி கொஞ்சம் அடங்கியதும் சொன்னார்:

“தம்பி, கதிர்வீச்சு ஆபத்து எவ்வளவுன்னு காட்டறதுக்கு நாங்க சட்டையில ஒரு பேட்ஜ் குத்திக்கிட்டு உள்ள போவோம். நீங்க சட்டையையே கொளுத்திக் காட்டுறீங்களேய்யா.”

காலி டேங்க்

திருவிடந்தைப் பக்கம் கன்னியம்மா என்று ஒரு அக்கா. சொந்தமாக மீன் வேன் வைத்திருந்தாள். ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும் ஒழுகி, அந்த வண்டியில் தகரத்தைவிட ஓட்டைதான் அதிகம். டீசல் டேங்க்கிலும் ஒரு கசிவு வந்தது. கழற்றி, டீசலை இறக்கி, இரண்டு நாள் வெயிலில் காயப் போட்டோம். காலி டேங்க்தானே, என்ன ஆகிவிடும் என்று மரியதாஸ் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தான். நானும் தலையாட்டினேன்.

நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் பொல்லாதது. உள்ளே டீசல் இருக்காது, அதன் ஆவி இருக்கும். நெருப்புக்கு வேண்டியதும் அதுதான். டேங்க் ஒரு தும்மல் தும்மியது. ஓரம் பிய்ந்து, மூடி பறந்துபோய் எதிர் டீக்கடைக் கூரையில் விழுந்தது. மரியதாஸின் புருவம் இரண்டும் காணோம். அதற்குப் பிறகு டேங்க் என்றால், சோப்புத் தண்ணீர் விட்டுப் பலமுறை அலசி, பத்தவைக்கிற இடத்துக்குச் சற்றுக் கீழே வரைக்கும் தண்ணீர் நிரப்பி, வாயைத் திறந்து வைத்த பிறகுதான் டார்ச்சை எடுப்போம். பெட்ரோல் டேங்க் என்றால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவோம். ஆனால் அன்று சத்தம் கேட்டு டீக்கடையிலிருந்து ஓடி வந்த கன்னியம்மா, எங்கள் இரண்டு பேருக்கும் கை கால் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்:

“ஓட்டைய அடைங்கடான்னு குடுத்தா, ராக்கெட்டு வுட்டுகினு கீறீங்களா?”

கூரைத் தகடு

இது சின்ன விஷயம். இடித்துப் போட்ட ஒரு கொட்டகையின் துத்தநாகப் பூச்சுத் தகடுகளை மரியதாஸ் கொண்டு வந்தான். துருவே பிடிக்காது, வேன் தரைக்கு இதைவிட நல்ல தகடு கிடையாது என்றான். பத்தவைத்தபோது வெள்ளைப் புகை வந்தது. நாக்கில் ஒரு இனிப்பு. கடற்காற்று வராத மூலையில் உட்கார்ந்து அந்தப் புகையை நன்றாக உள்ளே இழுத்தேன். விடிந்து வீட்டுக்கு வந்ததும் குளிரும் காய்ச்சலும் தூக்கிப் போட்டன. அந்தப் பூச்சை முதலில் அரைத்து எடுத்துவிட வேண்டும், காற்று வருகிற பக்கம் நம் முதுகு இருக்க வேண்டும் என்பதெல்லாம் காய்ச்சல் விட்ட பிறகு எட்டிய ஞானம். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த என்னிடம், புகைக்கு முறிவு என்று கையில் வெல்லக்கட்டியோடு வந்த மரியதாஸ் சொன்னான்:

“அதே தகடு வேன்லயும்தான் கீது, மச்சான். அது ஜம்முனு ஓடிகினு கீது. உனுக்குத்தான் ஒடம்பு சரியில்ல.”

மெத்தையில் சாம்பிராணி

தரையின் அடிப்பக்கம் பத்தவைக்கும்போது மேல்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சீட்டைக் கழற்ற வேண்டும், மிதியடியைச் சுருட்ட வேண்டும், பேட்டரி வயரை எடுத்துவிட வேண்டும், ஈரச் சாக்கு போட வேண்டும், முடித்த பிறகும் கொஞ்ச நேரம் வண்டியை விட்டு நகரக் கூடாது. டூரிஸ்ட் வேன் டிரைவர் பாபு அவசரப்படுத்தினான் என்று நாங்கள் சீட்டைக் கழற்றவில்லை. வண்டி மாமல்லபுரம் போய்ச் சேரும்வரை சீட்டுப் பஞ்சு உள்ளுக்குள்ளேயே கனன்றிருக்கிறது. கடைசி சீட்டில் இருந்த வெள்ளைக்கார அம்மா, புகை வருவதைப் பார்த்து ஏதோ கோயில் சாம்பிராணி என்று நினைத்துக் கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாராம். சீட்டு சுட்ட பிறகுதான் எழுந்து கத்தியிருக்கிறார். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கருகிய மெத்தையைத் தூக்கி எங்கள் ஷெட் வாசலில் போட்டுவிட்டு பாபு சொன்னான்:

“ஏசியே இல்லாத வண்டிக்கு ஹீட்டரு வச்சிக் குடுத்துட்டியே அண்ணாத்த, நீ நல்லா இருப்ப.”

கை ஆட்டியது

சட்டை போனால் வேறு சட்டை. புருவம் போனால் முளைக்கும். கண்தான் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. காலையில் ஸ்டாப்பில் நிற்கும்போது, எதைப் பார்த்தாலும் பார்க்கிற அந்த இடத்தில் மட்டும் விரலால் தேய்த்த மாதிரி ஒரு மங்கல். பஸ் போர்டில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் தெரியும், நடுவில் இருப்பதை ஊகிப்பேன். பக்கத்தில் நிற்கிற கலாவின் காது தெரியும், ஜிமிக்கி தெரியும். நேரே பார்த்தால் முகம் கலங்கும். தூக்கமில்லாததால் என்று சொல்லிக்கொண்டேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. இருக்கிற கொஞ்ச நேரத்தில் இதையா பேசுவது?

அவள் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் நான் கை ஆட்டுவேன்; அது எங்கள் வழக்கம். அன்றைக்கு அவள் கட்டியிருந்தது பச்சைப் புடவை; ஜன்னலில் தெரிந்த பச்சையைப் பார்த்துக் கை ஆட்டினேன். பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் ஆட்டினேன். மறுநாள் காலையில் கலா ஸ்டாப்பில் என்னைவிட்டுத் தள்ளியே நின்றாள். பஸ் வருகிற சமயத்தில்தான் கேட்டாள்:

“நேத்து முன்னாடி சீட்டு பொம்பளைக்கு இன்னாத்துக்குய்யா அவ்ளோ பாசமா கை ஆட்டன? நான் பின்னால ஒக்காந்து பாத்துகினுதான் வந்தேன்.”

செங்கல்பட்டில் ஒரு சுவர்

நான் உண்மையைச் சொன்னேன். அன்று அவள் அந்த பஸ்ஸில் ஏறவில்லை. என்னை இழுத்துக்கொண்டு செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடித்தாள். கண் டாக்டர் சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். நான் அவருடைய சுவரை மிக நன்றாகப் பார்த்தேன். எழுத்து இருந்த இடம்தான் தெரியவில்லை. கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்க முயன்றார். அடிக்கும்போதெல்லாம் என் கண் மூடி, முகம் திரும்பியது. கடைசியில் கலா என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

பார்வையின் நடுப்புள்ளி வெந்திருக்கிறது என்றார். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், வெறுங்கண்ணோடு இனி ஒரு பொறிகூடக் கூடாது. நான், “ராடு வைக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன் டாக்டர்” என்றேன், ஏதோ சாமர்த்தியம் போல. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

“அடுத்த தடவையும் அப்படிச் செஞ்சீங்கன்னா என்கிட்ட வராதீங்க. வர்றதுக்கு வழி தெரியாது உங்களுக்கு.”

சோதனைப் பொட்டு

கலா சும்மா இருக்கவில்லை. அவள் கேன்டீனுக்குப் பக்கத்துக் காம்பவுண்டில் வண்டி பாடி வேலை செய்கிற ஒரு பெரிய பட்டறை இருந்தது. நைட் ஷிஃப்ட்டுக்கு வெல்டர் எடுக்கிறார்கள் என்று விசாரித்து வந்தாள். அங்கே தலையில் மாட்டுகிற ஹெல்மெட், தோல் கையுறை, பூட்ஸ், புகையை இழுத்துக்கொள்கிற குழாய் எல்லாம் உண்டாம். இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். ‘அந்த மூன்றாவது கை அங்கே தலையிலேயே இருக்கிறது’ என்று மரியதாஸிடம் சொல்லிவிட்டுப் போனேன். இந்த வேலை கிடைத்தால் கண் நிற்கும். கிடைக்காவிட்டால் மறுபடி ‘மூடு!’தான். வேறு தொழில் தேடுகிற வயதும் இல்லை.

ஃபோர்மேன் என்னைவிட இளையவர். இரண்டு தகடுகளைச் சேர்த்து வைத்து, ஒரு கோடு போடச் சொன்னார். ஹெல்மெட்டை மாட்டினேன். தலையை ஆட்டினால் முகமூடி இறங்கியது. உள்ளே கும்மிருட்டு. ராடை வைத்தேன். வடை வேகிற சத்தம் பிரமாதமாக வந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சீரான சத்தம் வந்ததில்லை. திருப்தியாக முகமூடியைத் தூக்கினேன். இரண்டு தகடும் தனித்தனியாக இருந்தன. கோடு மேஜைமேல் இருந்தது.

முகமூடிக்குள்ளும் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் பத்தவைத்திருக்கிறேன். ஃபோர்மேன் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் சங்கடம். மேஜையைத் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் பழகிக்கொண்டு வரச் சொன்னவர், வாசல் வரைக்கும் வந்து சொன்னார்:

“அண்ணே, அந்தக் கண்ணாடி கண்ணத் தொறந்து வச்சிப் பாக்கறதுக்குண்ணே.”

‘தொற!’

அதே மாதிரி ஹெல்மெட் ஒன்றை வாங்கி வந்தேன். வேலையில்லாத மாலைகளில் பழைய தகடுகளை வைத்துப் பழகினேன். கை மறக்கவில்லை, இமைதான் கேட்கவில்லை. ராடு தகட்டைத் தொடுவதற்கு முன்னாலேயே மூடிக்கொள்ளும். மரியதாஸ் எனக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, ஒவ்வொரு தடவையும் ‘தொற! தொறடா!’ என்று கத்தினான். ‘மூடு!’ என்று கேட்டே பழகியிருந்த டீக்கடைக்காரர், எங்களுக்குள் ஏதோ தகராறு என்று நினைத்துச் சமாதானம் செய்ய வந்துவிட்டார்.

ஒரு சாயங்காலம் கண் திறந்திருந்தது. பச்சையான இருட்டுக்குள், நெல்மணி அளவுக்கு ஒரு குளம். இரும்புதான், ஆனால் தண்ணீர் மாதிரி தளும்பியது. நான் கையை நகர்த்தினால் அதுவும் பின்னாலேயே வந்தது. என் நடுப்பார்வை மங்கல்தான். ஆனால் அந்த வெளிச்சம் மங்கலின் ஓரத்திலும் வழிந்து தெரிந்தது. கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்துப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். இத்தனை காலம் செய்த வேலையை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஹெல்மெட்டுக்குள் கொஞ்சம் அழுதேன், அதற்கும் அது வசதியாகத்தான் இருக்கிறது. பிறகு முகமூடியைத் தூக்கி, ஷெட்டில் நின்ற கன்னியம்மாவின் வேனின் அடிப்பக்கம் நான் முன்பு போட்ட கோடுகளையும் போய்க் குனிந்து பார்த்தேன். கோழி கிளறிய மாதிரி இருந்தது. பின்னாலேயே எட்டிப் பார்த்த மரியதாஸ் ஆறுதலாகச் சொன்னான்:

“வுடு மச்சான். மேல பட்டி பூசி பெயின்ட் அடிச்சாச்சில்ல, யாருக்குத் தெரியப்போவுது?”

அந்த வேன் தரையைக் கண்ணைத் திறந்துகொண்டு மறுபடி பத்தவைத்த பிறகுதான் சோதனைக்குப் போனேன்.

அடையாள அட்டை

இரண்டாவது சோதனையில் கோடு தகட்டின்மேல் இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் வழி தவறியது. ஃபோர்மேனிடம் கண்ணில் இருக்கும் மங்கலையும் மறைக்காமல் சொன்னேன். நுணுக்கமான இடங்கள் வேண்டாம், வேன்களின் அடித்தகடு பாருங்கள் என்று எடுத்துக்கொண்டார். கம்பெனி அட்டைக்குப் போட்டோ எடுத்தார்கள். ஃப்ளாஷ் அடிக்கும்போது மனசுக்குள் மரியதாஸ் ‘தொற!’ என்று கத்தினான். நானும் திறந்தேன். தேவைக்கு மேலேயே திறந்துவிட்டேன்.

இப்போது காலையில் நான் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவேன், அதே ஸ்டாப்பில் கலா அவள் பஸ்ஸுக்கு நிற்பாள். முதல்நாள் அட்டையைக் காட்டினேன். “இன்னாய்யா இது, திருடன் பூந்த வூட்டுக்காரன் மாதிரி முழிச்சிகினு கீற!” என்று சிரித்தாள். நேரே பார்த்தால் கலங்கும் அந்த முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தேன். மூக்குத்தி தெரிந்தது, பல்வரிசை தெரிந்தது. பஸ் வந்தது, ஏறினாள். எந்த ஜன்னல் என்று தேடித் தேடி, உத்தேசமாக ஒரு பக்கம் கையைத் தூக்கினேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி, கடைசி ஜன்னலிலிருந்து குரல் வந்தது:

“யோவ், அங்க இல்லய்யா, இங்க! இந்தப் பக்கம் ஆட்டு!”

கண்ணை மூடிக்கொண்டு ஊரிலிருக்கிற ஓட்டைகளையெல்லாம் அடைத்தவன், கண்ணைத் திறந்த பிறகு ஒரே ஒரு ஜன்னலைக் கண்டுபிடிக்கக் குரல் கேட்டு நிற்கிறேன்.